வம்மியடித் தண்ணீர்

சந்தனச் சவர்க்காரத்தின் வாசம் எங்கிருந்தாவது வந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன். மற்றவர்களுக்கு அது கோயிலையோ கல்யாண வீட்டையோ நினைவூட்டலாம். எனக்கு ஒரு மீன் லொறியின் முன் இருக்கைதான் நினைவுக்கு வரும். அங்கே வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சேட்டும் உடுத்து, கழுத்தில் பவுடர் பூசிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார்.

அவர் என் அம்மாவின் தம்பி. நான் மாமா என்று கூப்பிட்டேன். ஊரும் வயது பாராமல் அப்படித்தான் கூப்பிட்டது. வாகரைப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிடிபடும் மீனையும் இறாலையும் நண்டையும் கொழும்புக்கு ஏற்றிப்போகும் லொறி அவருடையது. பின்னேரம் வாவிக்கரையில் இருந்து வெளிக்கிட்டால் வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று ஓடி விடியமுன் கொழும்புச் சந்தையில் நிற்பார். மறுநாள் மத்தியானம் ஊருக்குத் திரும்பிவிடுவார். மீன் லொறிக்காரர் என்றால் உங்கள் மனதில் ஓர் உருவம் வரும் அல்லவா? மாமா அதற்கு நேர்மாறு.

அவர் உடம்பில் ஒரு செதில் ஒட்டியிருந்து நான் கண்டதில்லை. மீன் சாப்பிடவும் மாட்டார். தேநீர்க் கடைக் கிளாசில் வாய் வைக்கமாட்டார். சீலைத் துண்டில் சுற்றிய சொந்தக் கோப்பையோடுதான் இறங்குவார். கரையில் பெட்டி ஏற்றுகிறவர்கள், "இந்தா, மீன் லொறி ஓட்டுற ஐயர் வாறார்" என்று பகிடி பண்ணுவார்கள். அவர் கோபிப்பதில்லை. "ஓம், ஐயர்தான். நீங்க நாறிக்கொண்டு கிடங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். பல்லும் வெள்ளை.

லொறியின் முன்பக்கம் அவருக்கு ஒரு சாமியறை மாதிரி. கீழே பன்பாய் விரித்திருக்கும். பிள்ளையார் படம், அதற்குப் பூ, ஊதுபத்தி. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஷொப்பிங் பையில் போட்டு முடிந்து சீட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு மனே. இதென்ன, பஸ்ஸா?"

நான் முதன்முதலாக ஏறியபோது இப்படித்தான் சொன்னார். பிறகு, "நகத்தக் காட்டு" என்றார். காட்டினேன். அப்போது எனக்குக் கொழும்பில் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் என் அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அம்மா கையெழுத்து மட்டும் போடுவா. நான்தான் எங்கள் குடும்பத்தில் முதலாவதாக இப்படி ஒரு படிப்புக்குப் போனவன். போகவும் வரவும் மாமாதான் இலவசமாக ஏற்றிப்போனார். வழியில் யாரைக் கண்டாலும், "மருமகன். கம்பஸ்" என்பார். விடுதியில் நான் போய் இறங்கினால் என் உடுப்பில் சந்தனம் மணக்கும். கூடப் படித்தவர்கள், நான் யாரோ பெரிய இடத்துக் காரில் வருவதாக நினைத்தார்கள். அந்த மரியாதையை நான் விரும்பினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாமா மேல் எனக்கு அன்பு இருந்தது. அது எங்கே பழுதாகத் தொடங்கியது என்று யோசித்தால் ஒரு யோகட் கோப்பைதான் கண்முன் வருகிறது.

நான் கொழும்புக்குத் திரும்பிய ஒருநாள். அப்பா அன்று முழுக்கத் தண்ணீரில் நின்றவர். தன்னுடைய மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, தலையில் சுமந்து வந்து லொறியில் ஏற்றினார். எனக்குப் பயணம் சொல்ல முன்பக்கம் வந்தார்.

"மச்சான், அங்கேயே நில்லுங்க. செதிலோட கிட்ட வராதீங்க" என்றார் மாமா.

அப்பா சிரித்துக்கொண்டு பின்னுக்குப் போனார். மாமா பிளாஸ்கைத் திறந்து எனக்கு ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றினார். பிறகு கதவுப் பெட்டிக்குள் தேடி, சாப்பிட்டு முடிந்து கழுவி வைத்த பிளாஸ்டிக் யோகட் கோப்பை ஒன்றை எடுத்து அதில் ஊற்றி யன்னலால் நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். குடித்து முடிந்ததும், "எறிஞ்சிருங்க மச்சான்" என்றார் மாமா. அப்பா அதற்கும் சிரித்தார். மாமாவும் ஒரு காலத்தில் இதே வாவியில் இதே அப்பாவோடு வலை இழுத்தவர்தான். அப்பா இல்லாவிட்டால் அவருக்குத் தோணியைக் கரைசேர்க்கத் தெரிந்திருக்காது என்று அம்மாவே சொல்லுவா.

புனானைக் காடு வரும்வரை என் கோப்பைத் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

இனி அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மீனுக்குப் போட்ட ஐஸ் உருகும். உருகிய தண்ணீரில் இரத்தம், செதில், நண்டின் வழுவழுப்பு, இறால் தலையின் நுரை எல்லாம் சேர்ந்து லொறிப் பெட்டியின் அடியில் தேங்கும். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே அந்த நாற்றம் மூக்கில் அல்ல, நாக்கில் தெரியும். தார் ரோட்டில் விழுந்தால் சவர்க்காரம் தேய்த்தது போல் வழுக்கும். ஒழுகவிட்டுக்கொண்டு போனால் பொலிஸ் மறிக்கும். அதனால் பெட்டியின் அடியில் ஒரு துளை வைத்து மரத் தக்கையால் அடைத்திருப்பார்கள். சந்தையில் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து விடுவதுதான் முறை.

மாமா அங்கே போகமாட்டார். "அந்த இடத்துல மனுசன் கால் வைப்பானா? ஊத்தை" என்பார். மிச்ச ஐசையும் தண்ணீரையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே ஊருக்குத் திரும்புவார். ஆனால் அவர் வீட்டு முற்றம் சீமெந்து போட்டது. முற்றத்தின் நடுவில் துளசி. அதில் ஒரு சொட்டு விழக்கூடாது. ஊருக்குள் நுழையும்போது லொறி காய்ந்திருக்க வேண்டும்.

அதற்கு அவரே ஒரு வழி செய்திருந்தார். தக்கையில் நைலோன் கயிறு ஒன்றைக் கட்டி, லொறியின் அடியால் இழுத்து, கியருக்குப் பக்கத்தில் ஒரு துளையால் மேலே எடுத்திருந்தார். ஓட்டிக்கொண்டே இழுக்கலாம். அந்தக் கயிற்றையும் வெறுங்கையால் தொடமாட்டார். சேட்டுப் பையில் மடித்து வைத்த லேஞ்சியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "கண்ணாடிய ஏத்து மனே" என்பார். நான் ஏற்றுவேன். அவர் இழுப்பார். பின்னால் ரோட்டில் அது நீளமாக விழுந்துகொண்டு வரும். எங்களுக்கு உள்ளே ஊதுபத்தி மணக்கும்.

கோயில் முன்னால் இழுக்கமாட்டார். பள்ளிவாசல், சேர்ச், விகாரை, எதுவானாலும் வேகத்தைக் குறைத்து நெஞ்சில் கை வைத்துவிட்டுத்தான் போவார். சொந்தக்காரர் இருக்கும் ஊரிலும் இழுக்கமாட்டார். எல்லாம் கழித்துப் பார்த்தால் எங்கள் ஊருக்கு முன்னால் அவருக்கு வசதியாக மிஞ்சுவது வம்மியடி வளைவுதான்.

வம்மியடியில் ரோட்டோரமாகக் கொஞ்சம் தகர வீடுகள். இடம்பெயர்ந்து எங்கெங்கோ அலைந்து கடைசியில் அங்கே காணி கிடைத்து வந்தவர்கள். வளைவிலேயே ஒரு அக்கா பெட்டிக்கடை வைத்திருந்தா. வெற்றிலை, தேங்காய், காலையில் அப்பம். புருசன் இல்லை. ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறவள். எங்கள் லொறி வளைவில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போனதும் அந்த அக்கா பிளாஸ்டிக் பேசினில் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடிவந்து ரோட்டில் தூவுவா. பக்கக் கண்ணாடியில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குனிந்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கோழிக்குத் தீன் போடுவது போலத் தூவுவா. நாய்களும் காகங்களும் அவவைச் சுற்றி நிற்கும்.

ஒருநாள் வெற்றிலை வாங்குவது போல் இறங்கி அவவிடமே கேட்டேன், ஏன் இந்த வேலை என்று.

"மறுகா என்ன செய்யிற தம்பி? என்ட மகள் சைக்கிள்ள பள்ளி விட்டு வாற நேரம் அது. வழுக்கினா பிள்ளைக்குக் கால் கை போயிரும். நான் போடாட்டி ஆரு போடுற?"

"மாமாட்ட நேர சொல்லலாமே அக்கா?"

"சொன்னனான். 'ஓம் புள்ள, பாப்பம்' எண்டார். நல்ல மரியாதையாத்தான் சொன்னவர்."

லொறியில் ஏறியதும் மாமாவிடம் சொன்னேன். அவர் லேஞ்சியை அழகாக மடித்தார்.

"அவளுக்கும் ஒரு வேலை குடுத்திருக்கன் பாத்தியா?" என்றார். பகிடியாகச் சொன்னாரா, மெய்யாகவே நினைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அங்க ஆக்கள் இருக்காங்க மாமா."

"இருக்காங்கதான். அவங்கட ரோட்டா அது? அரசாங்க ரோட்டு."

"எங்கட ஊர்ல மட்டும் ஏன் திறக்கிறீங்க இல்ல?"

"எங்கட ஊர் சுத்தமா இருக்கணும் மனே. நீ படிச்சவன். சுத்தம் எண்டா என்னண்டு உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "வேற லொறி வருமா நம்மட கரைக்கு?" என்றார். வராது. அந்தக் கரையில் பிடிபடும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு லொறிதான். அது நின்றால் மீன் கரையில் கிடந்து அழுகும். வம்மியடியில் அழுகுவதா எங்கள் கரையில் அழுகுவதா என்று கேட்டால் எங்கள் ஊர் யாரும் யோசிக்கத் தேவையில்லை. எனக்குச் சோறு போட்டதும் அந்த மீன்தான். இதை எழுதும்போதும் அது என் வயிற்றுக்குள் கிடக்கிறது.

அந்த நாள் நான் விடுமுறைக்கு வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். வளைவு வந்தது. "கண்ணாடிய ஏத்து மனே." ஏற்றினேன். இழுத்தார். நான் வழக்கம்போல் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அக்கா பேசினோடு வந்தா. குனிந்தா. எங்களுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வளைவில் திரும்பியது. திரும்பியதும் அது ஒரு பக்கமாகச் சரிந்து, படுத்தபடியே வழுக்கிக்கொண்டு போய் அக்காவை அடித்தது. பேசின் மேலே எழும்பி விழுந்தது.

"மாமா, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"

"என்ன?"

"அந்த அக்கா!"

நிறுத்தினார். நான் வெறுங்காலோடு குதித்து ஓடினேன். தார் சுட்டது. பிறகு சுடவில்லை, அந்தத் தண்ணீருக்குள் கால் போய்விட்டது. மோட்டார் சைக்கிள்காரன் எழும்பி நின்றான். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. அக்கா எழும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. இரத்தம் அந்தத் தண்ணீரோடு கலந்து, எது மீனுடையது எது அவவுடையது என்று தெரியாமல் ஓடியது. கன்னத்தில் செதில்கள் ஒட்டியிருந்தன. ஓட்டோ ஒன்றும் இல்லை. பக்கத்து வீடுகளில் ஆண்கள் வயலுக்குப் போயிருந்தார்கள்.

மாமா லொறியைப் பின்னுக்கு எடுத்தார். ஈரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார். ஏனென்று எனக்கு விளங்கியது. அவருக்குச் சில்லு நனையக்கூடாது.

"மாமா, முன்னுக்கு ஏத்துவம். கதவத் திறங்க."

"முன்னுக்கு ஏலாது மனே. பாரு எப்புடி ஊத்தையா கிடக்காளெண்டு. பிள்ளையார் படம் இருக்கு. பொம்புள ரெத்தம் வேற. பின்னுக்கு ஏத்து."

"அது மீன் பெட்டி! ஐசும் நாத்தமும்! மூச்சு முட்டும் மாமா!"

"கதவைத் திறந்து வைப்பம். ஐஸ் நல்லம்தானே, ரெத்தம் நிக்கும்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மாமாவை நீ என்று சொன்னது மட்டும் நினைவு. அவர் இறங்கவில்லை. கதவின் பூட்டுக்கு மேல் கை வைத்துக்கொண்டு, பதறாமல், ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல், "நேரம் போகுது மனே. ஏத்து" என்றார்.

அக்காதான் சொன்னா. "பின்னுக்கே போடுங்க தம்பி. எனக்கு உசிர் போகுது."

நானும் அந்த மோட்டார் சைக்கிள்காரனும் அவவைத் தூக்கிப் பின்னால் கிடத்தினோம். கீழே மீன் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றை உடைத்துப் பரப்பினோம். மிச்ச ஐசின் மேலே அவ தலையைச் சாய்த்துவிடக்கூடாது என்று என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கதவைக் கயிற்றால் பிடித்துக்கொண்டு நின்றான். வாழைச்சேனை ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் அவ ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னா: "பிள்ள வாற நேரம். பிள்ள வாற நேரம்."

ஆஸ்பத்திரி வாசலில் மாமா இறங்கவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்து, "கவனமா இறக்கு மனே" என்றார்.

நான் அன்று பஸ்சில் வீட்டுக்குப் போனேன். பஸ்சில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டு வாசலில் அம்மா மூக்கைச் சுளித்தா. நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, வேறு மாதிரி.

"உங்கட மாமா ஏத்திப் போகாட்டி அவள் அந்த ரோட்டிலயே செத்திருப்பாளாம். ஊரெல்லாம் அதான் கதை. அவனோட நீ வாய் காட்டினியாமே?"

"அவர் திறந்த தண்ணியாலதானே அம்மா அவ விழுந்த!"

"மோட்டார் சைக்கிள் அடிச்சிது. தண்ணியா அடிச்சிது?" என்றா அம்மா. "போய்க் குளி. நாறுற."

அடுத்த முறை கொழும்புக்கு நான் பஸ்சில் போனேன். மாமா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. லொறியை மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சுத்தம் பண்ணி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார் என்று கேள்விப்பட்டேன். முன்பக்கம் அல்ல, பின்பெட்டியைத்தான். ஒரு பெண்ணின் இரத்தம் பட்டதாம். அத்தனை மீனின் இரத்தம் பட்ட பெட்டி அது.

அக்காவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று மாமாவும் வந்தார். அம்மா சொல்லி அனுப்பியிருந்தா. ஒரு குலை முந்திரிகைப்பழமும் பால்மா டின் ஒன்றும் பையில். அதே வெள்ளைச் சேட், அதே வாசம். வார்ட்டின் வாசலில் லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரிலும் எதிலும் முட்டாமல் நடந்து வந்து, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். பையை என்னிடம் தந்தார், வைக்கச் சொல்லி.

"என்ன புள்ள, எப்புடி இருக்கு?"

"இருக்கன் அண்ணன்." காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. "நடக்கலாமாம். கெந்தித்தான் நடக்கணுமாம்."

"கடவுள் இருக்கார். உசிர் மிச்சம்."

"ஓம் அண்ணன்." அவ கொஞ்சம் நிமிர்ந்து படுக்கப் பார்த்தா, முடியவில்லை. "ஒண்டு கேக்கணும் அண்ணன். மகள் பக்கத்து வீட்டுலதான் நிக்காள். பள்ளிக்குப் போறாள். வளைவுல இப்ப ஆரு மண் போடுற?"

இதைக் கேட்டபோது அவவின் குரலில் கோபம் இல்லை. இதற்காகத்தான் இத்தனை நாளும் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்தது. நல்ல செய்தி ஒன்றைக் கையில் வைத்திருப்பவரின் முகம் அது.

"அத நீ யோசிக்காத புள்ள. இனி வம்மியடியில திறக்கமாட்டன். மாத்திட்டன்."

"நிப்பாட்டிட்டீங்களா அண்ணன்?"

"இல்ல, இடத்த மாத்திட்டன். அங்கால, மதகு தாண்டி, கல்லுடைக்கிற பக்கத்தில. உனக்காகத்தான்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தா.

"அங்க ஆரு இருக்கிற அண்ணன்?"

மாமா யோசித்தார். ஏமாற்றுவதற்காக அல்ல, மெய்யாகவே யோசித்தார். கல்லுடைக்கிற பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

"தெரிஞ்ச ஆக்கள் ஆருமில்ல" என்றார்.

பிறகு, "அப்ப நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, கதவில் தோள் படாமல் ஒதுங்கி வெளியே போனார். சந்தன வாசம் மட்டும் கட்டிலைச் சுற்றி நின்றது. மருந்து நாற்றத்துக்கு மேலே அதுதான் எழும்பியது. யன்னல் பக்கம் போய் மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பொலிசுக்குச் சொல்லப் போகிறேன், பிரதேச செயலகத்துக்குப் போகப் போகிறேன், இதை விடமாட்டேன் என்றெல்லாம் அக்காவிடம் சொன்னேன். வார்ட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

அக்கா நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தா.

"அதெல்லாம் செய் தம்பி. நீ படிச்ச புள்ள" என்றா. "ஆனா இண்டைக்கு வீட்ட போற வழியில, மதகுக்கு அங்கால இறங்கி, அந்த ஆக்களுக்கு ஒரு சொல் சொல்லிட்டுப் போ."

"என்னண்டு அக்கா?"

"மண் எடுத்து வைக்கச் சொல்லு."